ஐந்நூறாவது நாள் சர்க்கஸ்

ஐராவதம் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் விரல் போனவர்கள் எல்லோரும் வீட்டில் தேங்காய் உடைத்தவர்கள். கம்பெனிப் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. பிரஸ் ஷாப் மாசானத்துக்கு இடது கட்டைவிரல் போனது தேங்காயால். அருள்பாண்டிக்கு இரண்டு விரல், அதுவும் தேங்காய். மூன்றாவது ஆளுக்கும் தேங்காய் என்று எழுத நேர்ந்தபோது மனிதவளத் துறைத் தலைவர் மோகனுக்கு நிஜமாகவே கவலை வந்துவிட்டது. தான் எழுதியதைத் தானே நம்பிவிடும் அபூர்வமான திறமை அவருக்கு உண்டு. மதிய இடைவேளையில் தொழிலாளர்களைக் கூட்டி, ‘இல்லத்தில் பாதுகாப்பாகத் தேங்காய் உடைப்பது எப்படி’ என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்தார். முடிவில் ஆளுக்கொரு தேங்காய் பரிசு. அருள்பாண்டி எட்டு விரலால் அதை வாங்கிக்கொண்டு லைனுக்குப் போனான்.

இத்தனைக்கும் காரணம் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பலகை. ‘விபத்தில்லா நாட்கள்’ என்று பச்சை எழுத்தில் போட்டு, அதற்குக் கீழே தினமும் காலையில் தகர எண்களை மாற்றி மாட்டுவார்கள். பலகை இரண்டு ஆள் உயரம். எண் மாட்டும் வேலை காசிராஜனுக்கு. காசிராஜனின் உயரம் மூன்றரை அடி. நாற்பத்தைந்து வயது மனிதர் ஏணியைத் தோளில் சுமந்து வந்து, சாத்தி, ஏறி, எண் மாட்டிவிட்டு இறங்குவதைப் பார்த்து செக்யூரிட்டிகள் தினமும் ஒருமுறை சிரித்து ஷிப்டைத் தொடங்குவார்கள். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. இருபத்தொரு வருடம் கிரேட் ஐராவதம் சர்க்கஸில் ஜோக்கராக இருந்தவர். ஏணியும் பழக்கம், சிரிப்பும் பழக்கம்.

சர்க்கஸ் பேரும் கம்பெனி பேரும் ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை. சர்க்கஸை நடத்தியவர் பெருமாள்சாமி. சுவரொட்டிகளில் ‘சர்க்கஸ் சக்கரவர்த்தி’. புலி, கரடி, குரங்கையெல்லாம் வைத்து வித்தை காட்டக் கூடாது என்று அரசாங்கம் சொன்ன பிறகு கூடாரம் காற்றாடியது. சக்கரவர்த்தி செத்தார். மகன் கூடாரத்தை விற்றுவிட்டு ஒரகடம் பக்கம் இடம் வாங்கி, வெளிநாட்டுக் கார் கம்பெனிகளுக்குக் கதவுப் பாகம் அடித்துக்கொடுக்கும் தொழிற்சாலை போட்டார். “நீங்க எல்லாரும் நம்ம குடும்பம்” என்று சொல்லி சர்க்கஸ் ஆட்கள் நாலைந்து பேரைக் கூட்டிவந்து வேலை கொடுத்தார். குடும்பம் என்றாலும் காண்ட்ராக்ட் வேலைதான். ஆறு வருடமாகக் காசிராஜன் அந்தக் குடும்பத்தின் காண்ட்ராக்ட் உறுப்பினர்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நிரந்தரம். நிரந்தரம் ஆனால் இ.எஸ்.ஐ. அட்டை வரும். அட்டை வந்தால் மனைவி மாரிசெல்விக்கு இடுப்பு ஆபரேஷன் செய்யலாம். மாரிசெல்வி அதே சர்க்கஸில் பார் விளையாடியவள், முப்பதடி உயரத்தில் ஒரு ஊஞ்சலை விட்டு இன்னொரு ஊஞ்சலைப் பிடிக்கிறவள். இன்றைக்கு வடக்குப்பட்டு வாடகை அறையில் அடுப்படியிலிருந்து வாசல்வரை போக அவளுக்குச் சுவர் வேண்டும்.

2005ஆம் வருடம், பலகையில் எண் நானூற்று நாற்பதைத் தாண்டிய நேரம், பாகம் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தங்களுக்குப் பொருள் தருகிற தொழிற்சாலைகளில் பன்முகத்தன்மையும் பிரதிநிதித்துவமும் எப்படி இருக்கின்றன என்று நேரில் பார்க்க மூன்று பேர் வருவார்களாம். மோகன் அகராதி பார்த்தார், இன்டர்நெட் பார்த்தார், கடைசியில் முதலாளியைப் பார்த்தார். முதலாளிக்குத் தன் அப்பாவின் வாழ்க்கையை நாடகமாகப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. பலகையில் ஐந்நூறு வரப்போகிறது. மூன்றையும் ஒன்றாகக் கட்டினார் மோகன். ஐந்நூறாவது நாளில் விழா, விழாவில் ‘ஒரு கூடாரம் ஓராயிரம் கனவு’ என்ற நாடகம், நாடகம் முழுக்கப் பன்முகத்தன்மை.

பன்முகத்தன்மைக் குழு அமைக்கப்பட்டது. ஏழு உறுப்பினர்கள். ஏழு பேரும் நிர்வாகக் கட்டடம், ஏழு பேரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஒரே நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள்.

முதல் வேலையாகத் தொழிலாளர் எல்லோருக்கும் ஒரு படிவம் வந்தது. ‘நீங்கள் எந்த வகையில் வித்தியாசமானவர்?’ என்று ஒரே ஒரு கேள்வி. இரண்டாம் லைன் பேச்சிராஜ், சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், இருபத்திரண்டு வயது, எழுதிக் கொடுத்தான்: ‘எனக்குப் பத்து விரலும் இருக்கு.’ பிரஸ் ஷாப்பில் அது உண்மையிலேயே வித்தியாசம்தான். படிவத்தில் ‘குறும்பு’ என்று சிவப்பு மையில் எழுதி அவனுடைய ஃபைலில் வைத்தார்கள்.

அடுத்து காசிராஜனை ஏசி அறைக்குக் கூப்பிட்டார்கள். ஆறு வருடத்தில் அந்த அறைக்குள் அவர் போவது அதுதான் முதல்முறை. நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார், கால் தரையில் படவில்லை.

“வாங்க காசிராஜன். ஆக்சுவலா நீங்க எங்களுக்கு ஒரு பொக்கிஷம்” என்றார் மோகன். “அய்யாவோட வாழ்ந்தவர் நீங்க. உங்க அனுபவத்தை அப்படியே சொல்லுங்க. எதையும் மறைக்க வேணாம். இது ஒரு சேஃப் ஸ்பேஸ்.”

அது என்ன இடம் என்று காசிராஜனுக்கு விளங்கவில்லை. ஆனால் கேட்டால் சொல்லுகிற பழக்கம் உள்ள மனிதர். சொன்னார்.

“சர்க்கஸ்ல ஒரு முறை உண்டு சார். மேல இருந்து யாராச்சும் விழுந்துட்டா ஷோவை நிறுத்த மாட்டாவ. முதலாளி ஒரு விசில் அடிப்பாரு. உடனே பேண்டு மாறிரும். ஜோக்கர் உள்ள ஓடணும். ஜோக்கர் ஒரு பக்கமா ஓடுனா சனம் பூரா அந்தப் பக்கம்தான் பாக்கும். அந்த நேரத்துக்குள்ள விழுந்த ஆளைத் தூக்கித் திரைக்குப் பின்னால கொண்டுபோயிருவாவ. விழுந்தது நெசமா வெளையாட்டான்னு சனத்துக்குத் தெரியவே தெரியாது.”

“பிரில்லியன்ட்” என்றார் மோகன். எழுதிக்கொண்டார்.

“ஈரோட்டுல ஆடும்போது வலை கிழிஞ்சுபோச்சு. தைக்கக் குடுத்திருந்துச்சு. ஒரு ஷோதானே, வலையில்லாம ஆடுங்கன்னுட்டாரு அய்யா. அன்னைக்குத்தான் மாரிசெல்வி விழுந்தா. எங்களுக்குக் கல்யாணம் ஆகி எட்டு மாசம் சார். அய்யா விசில் அடிச்சாரு. நான் உள்ள ஓடுனேன். பதினேழு நிமிசம் ஆடுனேன். நல்லா சிரிச்சாவ.”

குழு உறுப்பினர் சசிகலா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மோகன் பேனாவை மூடினார்.

“ரொம்ப ரிச்சான மெட்டீரியல், காசிராஜன். ஆனா டோன் கொஞ்சம் நெகட்டிவ். அய்யாவை நாம பாசிட்டிவாதான் காட்டணும். அந்த சீனை இப்படி வெச்சுக்கலாம். அந்தப் பொண்ணு கை நழுவுது, அய்யா ஓடிவந்து தன் ரெண்டு கையில தாங்கிடறார். மெசேஜ் என்ன? விழுகிறவர்களைத் தாங்குவது ஐராவதம். அதுவே நம்ம கம்பெனி ஸ்லோகன் ஆயிடும்.”

“சார், அவரு தாங்கல.”

“இது வாழ்க்கை வரலாறு, காசிராஜன். நடந்ததை எல்லாம் அப்படியே போட முடியாது.”

காசிராஜனின் முகம் மாறியதை மோகன் கவனித்தார். கவனிக்கத் தெரியாமல் இல்லை, அதற்குத்தானே சம்பளம். “நாடகம் நல்லபடியா முடியட்டும். உங்க பெர்மனென்ட் ஆர்டரை அந்த மேடையிலயே முதலாளி கையால வாங்கறீங்க. வெளிநாட்டுக்காரங்க முன்னாடி. ஓகேவா?”

காசிராஜன் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி, கும்பிட்டுவிட்டு வந்தார்.

சாயங்காலம் அறைக்குப் போய் மனைவியிடம் சொன்னார். மாரிசெல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தாள்.

“என் வேசம் யாரு போடுதா?”

“முதலாளி மக. பரதநாட்டியம் படிச்சிருக்காம்.”

“விழுதாளா?”

“விழல. பெருமாள்சாமி பிடிச்சிருதாராம்.”

அவள் சிரித்த சிரிப்பில் பயறு சிதறியது. “அந்த மனுசனா! நடுக்கத்துல ஒரு டம்ளர் டீயைக்கூட ஒழுங்காப் பிடிக்க மாட்டாரே.” சிரிப்பு அடங்கி, சிதறியதைப் பொறுக்கினாள். எட்டாததை அவர் பொறுக்கிக் கொடுத்தார். “பிடிச்சா பிடிச்சுட்டுப் போறாரு. நீரு வாயைத் தொறக்காதேயும். அட்டையை வாங்கிட்டு வாரும். எனக்கு இந்தச் சுவரை விட்டுட்டு நடக்கணும்.”

அன்று விழுந்ததைப் பற்றி அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது அபூர்வம். எப்போதோ ஒருமுறை அவளாகச் சொன்னாள்: “திரைக்குப் பின்னால கெடக்கையில கேட்டுது. நல்லாத்தான் சிரிச்சாவ.” குற்றம் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

நடிகர் தேர்வு நடந்தது. ஜோக்கர் வேஷத்துக்குக் காசிராஜன் கை தூக்கினார். இருபத்தொரு வருட அனுபவம் வேறு யாருக்கும் இல்லை என்பது அவருடைய கணக்கு. மோகன் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து ஒரு சொற்பொழிவே ஆற்றினார்.

“முடியாது, காசிராஜன். உயரம் குறைஞ்ச ஒருத்தரை ஜோக்கரா காட்டறதுங்கறது ஸ்டீரியோடைப். இத்தனை வருஷம் உங்களைப் பார்த்து உலகம் சிரிச்சிருக்கலாம். ஐராவதம் சிரிக்காது. உங்க கண்ணியத்தைக் காப்பாத்தறது எங்க கடமை. நீங்களே விரும்பினாலும் நாங்க விடமாட்டோம்.”

ஏழு பேரும் கை தட்டினார்கள். ஜோக்கர் வேஷம் பர்ச்சேஸ் பாபுவுக்குப் போனது. பாபு ஆறடி. அதனால் முழங்காலில் நின்று, முழங்காலுக்கு ஷூ மாட்டி நடிப்பதென்று முடிவு. முழங்கால் வலிக்காமல் இருக்க மெத்தென்று பஞ்சுறை தைத்து வந்தது. குள்ளமாக எப்படி நடப்பது என்று பாபுவுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு காசிராஜனுக்கு.

“எப்பிடி நடக்கணும் சொல்லுங்க மாஸ்டர்” என்றான் பாபு.

“நான் எப்பிடி நடக்கேனோ அப்பிடித்தான் தம்பி. எனக்கு வேற மாதிரி நடக்கத் தெரியாது.”

காசிராஜனுக்குக் கிடைத்த வேஷத்தின் பெயர் நிகழ்ச்சி நிரலில் ‘பன்முகத்தன்மை’ என்று அச்சாகியிருந்தது. கடைசிக் காட்சியில் பட்டுச் சால்வை போர்த்திக்கொண்டு மேடை நடுவில் நிற்க வேண்டும். வசனம் கிடையாது. தென் மாவட்டத் தொழிலாளர்களும் மேடையில் இருக்க வேண்டும் என்று குழு விரும்பியது. ஆனால் ஒத்திகை நேரத்தில் அவர்கள் எல்லோரும் லைனில் இருந்தார்கள், ஒத்திகைக்காக லைனை நிறுத்த முடியாது. நிர்வாகக் கட்டடத்துப் பயிற்சியாளர்கள் இருவருக்கு மீசை ஒட்டி, தோளில் துண்டு போட்டு அந்தக் குறையைத் தீர்த்தார்கள். உள்ளூர் மக்களுக்குப் பிரதிநிதி, கம்பெனியில் பெருக்குகிற சந்திரம்மாள். காசிராஜனுக்கு அறை வாடகைக்கு விட்டிருப்பவளும் அவள்தான். கம்பெனி கேன்டீன் நிற்கும் இடத்தில் முன்பு அவளுடைய வேர்க்கடலை விளைந்தது. மேடையில் சர்க்கஸ் பார்க்க வந்தவளாக உட்கார்ந்து கை தட்டுவது அவள் வேஷம்.

“என் நெலத்துலயே கூடாரம் போட்டுகினு, என்னியே உக்கார வெச்சி கை தட்டச் சொல்றானுங்கோ” என்றாள். “டிக்கெட்டு கேக்கல பாரு, அதுவரிக்கும் சந்தோசம்.”

நாடகத்தில் வரும் சிங்கத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பிரஸ் ஷாப்பில் தோல் கையுறை கேட்டு நான்கு மாதமாக எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கையுறை வந்தது. இரண்டு ஜோடி, நல்ல கனமான தோல். சிங்கத்தின் பாதங்களுக்கு. பேச்சிராஜ் ஸ்டோருக்குப் போய் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான், ஸ்டோர்காரர் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

“ஏண்ணாச்சி, சிங்கத்துக்கு எந்த லைன்ல வேலை?” என்று காசிராஜனிடம் கேட்டான். காசிராஜன் ஏணியைத் தோளில் எடுத்துக்கொண்டு நடந்தார். மாரிசெல்வி வாயைத் திறக்க வேண்டாம் என்றிருந்தாள்.

பிரஸ் மிஷினில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல்கட்டை இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் விரல் உள்ளே இருக்காது, அதற்குத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படி அழுத்தினால் ஒரு ஷிப்டில் அறுநூறு பாகம்தான் வரும், கம்பெனிக்கு வேண்டியது எண்ணூறு. அதனால் ஒரு பட்டனை அழுத்தி டேப் ஒட்டிவிடுவார்கள். டேப் ஒட்டச் சொல்லி எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. ஸ்டோரில் டேப் மட்டும் ஒருநாளும் தீர்ந்ததில்லை.

ஐந்நூறாவது நாள் காலையில் காசிராஜன் ஏணியில் ஏறி ஐந்தையும் இரண்டு பூஜ்ஜியத்தையும் மாட்டினார். எண் பெட்டியில் தனிப் பூஜ்ஜியம் ஒன்று அடியில் கிடந்தது. ‘விபத்து நடந்த அன்று மாட்ட’ என்று சீட்டு ஒட்டி, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், பலகை வைத்த நாளிலிருந்து அப்படியே புதிதாக இருந்தது. பலகைக்குச் சாமந்தி மாலை போட்டார்கள்.

கார் நிறுத்துகிற இடத்தில் பந்தல். முன்வரிசையில் மூன்று வெள்ளைக்காரர்கள், கழுத்தில் சந்தன மாலை. பின்னால் எண்ணூறு தொழிலாளர்கள். இரண்டாம் லைன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அன்றைக்கே ஏற்ற வேண்டிய லோடு இருந்தது. மதியம் மூன்று மணிக்கு மோகன் மைக்கைப் பிடித்தார்.

“எங்களிடம் வேறுபாடே கிடையாது. அதுதான் எங்கள் பன்முகத்தன்மை. இங்கே குட்டையானவரும் உண்டு, அவரைத் தூக்கி நிறுத்தும் உயர்ந்தவர்களும் உண்டு. எங்கள் தொழிலாளர்கள் வாய் திறந்து குறை சொன்னதாக ஒரு பதிவுகூட எங்களிடம் இல்லை. அப்படி ஒரு பதிவேட்டையே நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.” சசிகலா அதை ஆங்கிலத்தில் சொன்னார். வெள்ளைக்காரர்கள் தலையாட்டினார்கள்.

நாடகம் ஓடியது. பெருமாள்சாமியாக முதலாளியே நடித்தார். சிங்கத்தை அன்பால் திருத்தினார். ஏழை எளியவருக்குக் கூடாரத்தில் இடம் கொடுத்தார். முதலாளி மகள் இரண்டடி உயர ஊஞ்சலிலிருந்து அழகாக நழுவ, அவர் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, “விழுகிறவர்களைத் தாங்குவது ஐராவதம்!” என்றார். பந்தலில் கை தட்டல். மேடைக்குப் பக்கத்தில் பட்டுச் சால்வையோடு நின்ற காசிராஜன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் ஓடிவந்தார். சட்டையில் ரத்தம். மோகனின் காதில் சொன்னதைக் காசிராஜனும் கேட்டார். பேச்சிராஜ். வலது கை. மூன்று விரல்.

“ஆம்புலன்ஸ் கூப்பிடவா சார்?”

“இன்னைக்கா?” என்றார் மோகன். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அந்தக் கம்பெனியைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. “சைரன் வெச்சுக்கிட்டு ஆம்புலன்ஸ் உள்ள வந்தா ஐந்நூறு என்ன ஆகும்? கேன்டீன் காய்கறி வேன் இருக்கில்ல, அதுல ஏத்துங்க. எல்லப்பனை ஓட்டச் சொல்லுங்க.”

வேன் வெளியே போக ஒரே வழிதான், பந்தலின் பக்கவாட்டில், முன்வரிசை விருந்தினர் கண் எதிரே. மோகன் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு அவர் கண் காசிராஜன் மேல் விழுந்தது. முகம் மலர்ந்தது.

“காசிராஜன்! நீங்க சொன்னீங்களே, யாராவது விழுந்தா ஜோக்கர் உள்ள போவான்னு. போங்க. வேன் கேட்டைத் தாண்டறவரைக்கும் எல்லாரும் மேடையையே பார்க்கணும். அஞ்சு நிமிஷம்.”

“நான் ஜோக்கரா வந்தா கேவலம்னு சொன்னீயளே சார்.”

“அது வேற கான்டெக்ஸ்ட்.” சட்டைப் பையிலிருந்து ஒரு உறையைப் பாதி வெளியே எடுத்துக் காட்டினார். காசிராஜனின் பெயர் தெரிந்தது. “உங்க ஆர்டர். கையெழுத்து ஆயிடுச்சு. உங்க மிஸஸ் பேரும் இருக்கு. போங்க, சீக்கிரம்.”

மோகன் வாயில் இரண்டு விரலை வைத்து விசில் அடித்தார். விசில் வரைக்கும் குறிப்பெடுத்து வைத்திருந்தார்.

அந்தச் சத்தத்துக்குக் காசிராஜனின் கால் தன்னால் ஓடியது. இருபத்தொரு வருடப் பழக்கம். சால்வையைக் கழற்றி வீசி, மேடை நடுவில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, முழங்காலில் நின்றிருந்த பாபுவின் தொப்பியைத் தட்டித் தன் தலையில் வைத்தார். பந்தல் குலுங்கியது. எண்ணூறு பேரும் சிரித்தார்கள், வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள், உட்கார்ந்திருந்த சந்திரம்மாள் சொல்லிக்கொடுக்காத இடத்தில் கை தட்டினாள். அடுத்த கரணம் போட்டு நிமிரும்போது கேன்டீன் பக்கம் வேன் கிளம்புவது தெரிந்தது. அவர் இடது பக்கம் சாய்ந்தார், எண்ணூறு தலையும் இடது பக்கம் சாய்ந்தது. வலது பக்கம் சாய்ந்தார், வலது பக்கம் சாய்ந்தது.

ஜோக்கர் ஓடுகிற பக்கம்தான் சனம் பார்க்கும். அவரே சொன்னதுதான்.

மேடையிலிருந்து குதித்தார். உருண்டார், எழுந்தார், பந்தலின் பக்கவாட்டில் கையூன்றிக் கரணம் அடித்துக்கொண்டே போனார். சிரிப்பு அவர் பின்னாலேயே வந்தது. வேனுக்கு முன்னால் மல்லாந்து விழுந்தார். எல்லப்பன் பிரேக் அடித்தான். விருந்தினர்கள் கேமராவோடு எழுந்து வந்தார்கள். காசிராஜன் எழுந்து, தொப்பியைக் கழற்றி எல்லோருக்கும் சலாம் போட்டு, வேனின் பின்கதவுக்குப் போய்க் கொக்கியை எடுத்துக் கதவை இரண்டாகத் திறந்தார்.

முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் பேச்சிராஜ் உட்கார்ந்திருந்தான். கையைச் சுற்றியிருந்த துண்டு முழுக்கச் சிவப்பு. கண் பாதி மூடியிருந்தது.

வெள்ளைக்காரர்களில் மூத்தவர் மோகனைப் பார்த்து, இதுவும் நாடகத்தில் உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“எஸ் சார். கடைசி சீன்” என்றார் மோகன்.

அந்த மனிதர் கை தட்டத் தொடங்கினார். அவர் மட்டும்தான் தட்டினார். நாலைந்து தட்டுக்குப் பிறகு துண்டிலிருந்து சொட்டியது அவருடைய ஷூவில் விழுந்தது. குனிந்து பார்த்தார். சிரிப்பு முன்வரிசையில் நின்றது, அப்புறம் அடுத்த வரிசையில், கடைசி வரிசை வரைக்கும் ஒவ்வொன்றாக நின்றது.

“பேரு பேச்சிராஜ்” என்றார் காசிராஜன். ரிங்கில் பேசிப் பழகிய குரல், மைக் இல்லாமலே எண்ணூறு பேருக்கும் கேட்டது. “பிரஸ் ஷாப், ரெண்டாம் லைன். தேங்கா உடைக்கல.”

மாசானம்தான் முதலில் எழுந்தான். பிறகு அருள்பாண்டி. பிறகு யார் முதலில் எழுந்தது என்று சொல்ல முடியாதபடி எல்லோரும். வாசலுக்குப் பக்கத்தில் விருந்தினரின் கார் நின்றது. யாரிடமும் கேட்காமல் பேச்சிராஜைத் தூக்கி அதில் வைத்தார்கள். மூத்த வெள்ளைக்காரர் தானே முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டு டிரைவரைப் போகச் சொன்னார். இரண்டாம் லைன் அன்றைக்கு அதற்குப் பிறகு ஓடவில்லை.

ஐந்து மணிக்குக் குழு அவசரமாகக் கூடியது. எண்ணூறு பேர் பார்த்துவிட்டதால் தேங்காய் என்று எழுத முடியாது. அரை மணி நேர விவாதத்துக்குப் பின் வழி கண்டார்கள். ‘பணியாளர் பேச்சிராஜுக்குக் கலைநிகழ்ச்சியின்போது காயம் ஏற்பட்டது. இது தொழிற்சாலை விபத்து ஆகாது.’ அவன் சிங்கமாக நடித்தான் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். ஆக, பேச்சிராஜின் மூன்று விரல் சர்க்கஸில் போயிற்று என்று எழுதி, ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வாழ்நாளில் அந்தக் குழு எழுதிய ஒரே உண்மை அதுதான், அது அவர்களுக்குத் தெரியாது.

காசிராஜனுக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். ‘குழுவின் அனுமதியின்றி ஜோக்கராக நடித்து, உயரம் குறைந்தோரின் கண்ணியத்தை இழிவுபடுத்தியதால் தாங்கள் பணியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்.’ மோகன் மதியம் காட்டிய உறையை அவர் கண் எதிரே இரண்டாகக் கிழித்தார், நான்காகக் கிழித்தார்.

“எவ்வளவு நல்ல வாய்ப்பு, காசிராஜன். உங்களை எங்கயோ கொண்டுபோயிருப்போம். நீங்க கடைசிவரைக்கும் ஜோக்கராவே இருந்துட்டீங்க.”

“ஆமா சார்” என்றார் காசிராஜன். “நான் படிச்ச தொழில் அதுதான்.”

வெளியே வந்து ஏணியைத் தோளில் எடுத்தார். செக்யூரிட்டிகள் பார்த்தார்கள், சிரிக்கவில்லை. பலகையில் சாத்தி ஏறி ஐந்தைக் கழற்றினார், இரண்டு பூஜ்ஜியத்தையும் கழற்றினார். பெட்டிக்கு அடியிலிருந்த தனிப் பூஜ்ஜியத்தை எடுத்து, பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்து மாட்டினார். சாமந்தி மாலையை அப்படியே விட்டுவிட்டார். மறுநாள் காலையில் ஐந்நூற்றொன்று மாட்ட ஆள் தேடினார்கள். ஏணி பிடிக்கக்கூட ஒருத்தரும் வரவில்லை என்று சந்திரம்மாள் பிறகு வந்து சொன்னாள்.

வடக்குப்பட்டுக்கு நடந்தே போனார். இன்னும் வெளிச்சம் இருந்தது. மாரிசெல்வி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சந்திரம்மாள் முந்திக்கொண்டு வந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் என்று அந்த முகத்திலேயே தெரிந்தது. அவர் கையில் அட்டை இருக்கிறதா என்று அவள் பார்க்கவில்லை. அதுவே அவரைக் கொன்றது.

“ஆர்டரைக் கிழிச்சுட்டான்” என்றார். “ஒன் ஆபரேசன் போச்சு.”

“சிரிச்சாவளா?”

“மொதல்ல சிரிச்சாவ. கதவைத் தொறந்ததும் நிப்பாட்டிட்டாவ.”

மாரிசெல்வி நிலையிலிருந்து ஒரு கையை எடுத்து அவர் தலையில் இன்னும் இருந்த பாபுவின் தொப்பியைக் கழற்றினாள். அதில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

“அன்னைக்கு அந்தத் திரையை யாராச்சும் தொறப்பாவளான்னுதான் நானும் பாத்துக்கிட்டே கெடந்தேன்” என்றாள்.